எட்டரை மணிப் பந்தி

என் பெரியப்பா பேக்கரிக்காரர். பெரியம்மா சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவள். ஊர் கண் விழிப்பதற்குள் ரொட்டி சுட்டு வைத்தவரும், ஊரில் உள்ள ஜோடிகளுக்கெல்லாம் பக்கத்துப் பக்கத்து சீட்டாகப் பார்த்துக் கொடுத்தவளும் ஒரே வீட்டில்தான் குடித்தனம் நடத்தினார்கள். ஆனால் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. அவர்கள் பெற்ற மகளே பார்த்ததில்லை.

சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போடுவதற்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே! விடியற்காலை மூன்று மணிக்கு மாவில் கை வைத்தாக வேண்டும் என்பதால் பெரியப்பா மாலை ஆறு மணிக்கே சாப்பிட்டுவிடுவார். ஏழு மணிக்குக் கண் சொருகிவிடும். பெரியம்மா பகல் காட்சிக்குக் கவுன்டரைத் திறந்தால், எட்டு மணிக் கடைசிக் காட்சிக்கு டிக்கெட் கொடுத்து முடித்து வீடு வந்து சேர ஒன்பதாகும். அவர் பேக்கரியிலிருந்து திரும்பும் நேரத்தில் அவள் வேலைக்குக் கிளம்பியிருப்பாள். சில நாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்துக்கொள்வார்கள். "பால் காய்ச்சி வெச்சிருக்கேன்", "பாப்பாவுக்கு ஜலதோஷம், வெளிய விடாதீங்க" என்று நின்றபடியே பேசி முடித்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். "எங்க வீட்டுக் கட்டில் மட்டும் ஆறினதே இல்ல, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சூடு பண்ணிட்டே இருக்கோம்" என்று பெரியம்மாவே கேலி செய்வாள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. வீடு பற்றி எரிந்தால்கூடத் தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்றுவார்கள் என்று என் அம்மா சொல்வாள். ராத்திரி வந்து சாப்பிடும்போது எவர்சில்வர் தட்டு சத்தம் போடும் என்று பெரியம்மா பிளாஸ்டிக் தட்டில்தான் சாப்பிடுவாள். சமையலறை விளக்கைத் தவிர வேறு விளக்கைத் தொட மாட்டாள். பெரியப்பா விடியற்காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் நின்று மாட்டிக்கொள்வார். எங்கள் வீட்டில் ஒருவர் தும்மினால் நான்கு பேர் எழுந்து உட்காருவோம். அதனால் எனக்கு அந்த வீடு ரொம்ப மரியாதை தெரிந்த வீடாகத் தெரிந்தது.

அந்தச் சட்டம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு பெரியப்பா மதியக் காட்சிக்குத் தலையில் மாவோடு வந்து ஒரு டிக்கெட் வாங்குவாராம். எந்தப் படம் என்று பார்க்கவும் மாட்டாராம். ஒரே படத்துக்கு அவர் தினமும் வருவதைப் பார்த்துப் பெரியம்மா பொறுக்க முடியாமல் கேட்டிருக்கிறாள்.

"படம் பாக்க வர்றீங்களா, தூங்க வர்றீங்களா?"

"தூங்கத்தான். வீட்ல அண்ணன் பசங்க அஞ்சு பேரு. ஒரு நிமிஷம் கண் மூட விட மாட்டாங்க."

அன்றிலிருந்து யாரும் காலை மிதித்துக்கொண்டு போகாத ஓர சீட்டாகப் பார்த்து அவருக்குக் கொடுத்தாள். டார்ச் அடித்து இடம் காட்டுகிறவரிடம், "அவரு தூங்கினா எழுப்பாதீங்க, விட்டுடுங்க" என்று சொல்லியும் வைத்தாள். அவர்கள் காதல் அவ்வளவுதான். கடிதமும் இல்லை, கண்ணீரும் இல்லை. இவள் என்னை எழுப்ப மாட்டாள் என்று நம்பித்தான் அந்த மனுஷன் இவளைக் கட்டிக்கொண்டார்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றார்கள். பேக்கரி கூட்டாளி கைக்குப் போனது. தியேட்டரில் பெரியம்மாவுக்கு மாலை போடாமல் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். இனி என்ன, சேர்ந்து சாப்பிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வேலை விட்டாலும் வயிறு விடவில்லை. அவருக்கு ஆறு மணிக்குப் பசித்தது, அவளுக்கு ஒன்பது மணிக்குத்தான் பசித்தது. ஒருவர் நேரத்தில் இன்னொருவர் குறுக்கே போகக் கூடாது என்று அத்தனை வருஷம் பழகிவிட்டு, ஓய்வு கிடைத்த மறுநாள் மாறு என்றால் மாறிவிடுமா?

ஆனால் பெரியம்மாவுக்கு ஆசை இருந்தது. என்னிடம் சொல்லியிருக்கிறாள். தியேட்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மாலைக் காட்சி முடிந்து போகிறவர்களைப் பார்ப்பாளாம். புருஷனும் பெண்டாட்டியுமாக எதிர் ஓட்டலுக்குள் போய், ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்காருவார்களாம். "என்னதான்டீ பேசுவாங்க அவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா!

இந்த நிலையில்தான் மகள் அவர்களுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தாள். ஒரு வாரம் கடலில் சுற்றிவிட்டுக் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வரும் உல்லாசக் கப்பல். அதில் ராத்திரிச் சாப்பாடு இரண்டு பந்தி. ஆறு மணிக்கு ஒன்று, எட்டரை மணிக்கு ஒன்று. எந்தப் பந்தி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயணம் முழுக்க அதே மேஜை, அதே சர்வர். மகள் போனில் கேட்டபோது பெரியம்மா யோசிக்காமல் சொன்னாள்.

"ஆறு மணி போடு. பந்திக்கு முந்தணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? உங்கப்பா எட்டரைக்கெல்லாம் ரெண்டாவது தூக்கத்துல இருப்பாரு."

அடுத்த நாள் பெரியப்பா தனியாகப் போன் செய்தார்.

"எட்டரை போடும்மா. அம்மாவுக்கு அப்பத்தான் பசிக்கும். பசிக்காத நேரத்துல அவள உக்கார வெச்சு நான் மட்டும் அள்ளிப் போட்டுக்கறதா? நான் முழிச்சுக்கறேன்."

இப்படி இவர் மாற்ற, அவள் மாற்ற, மகளுக்குத் தலை சுற்றிவிட்டது. "ஒரே வீட்லதான இருக்கீங்க, ஒரு வார்த்த பேசிக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டு, கடைசியாக அப்பா சொன்ன எட்டரையையே போட்டுவிட்டாள்.

பெரியப்பா அதற்குப் பயிற்சி எடுத்தார். இது எங்கள் தெருவுக்கே தெரியும். ஏழு மணி ஆனதும் தூக்கம் வராமல் இருக்கத் தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடப்பார். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் வாக்கிங்கா என்று கேட்க, "ஆமா, சர்க்கரை" என்று இல்லாத வியாதியைச் சொல்லிச் சமாளிப்பார். பெரியம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதற்கு நடக்கிறார் என்றும் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவருக்குக் கூச்சமாகப் போய்விடும் என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்டிருந்தால்தான் என்ன? கூச்சத்தில் ஆள் கரைந்தா போய்விடுவார்?

கப்பலில் முதல் நாள். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கி, வரிசையில் கால் கடுக்க நின்று, ஒரு வழியாக ஏறியிருக்கிறார்கள். எட்டரை மணிப் பந்திக்குப் பெரியப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஜன்னலோர மேஜை. கூட ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். பெரியப்பா ரொட்டியைப் பிய்த்து மோந்து பார்த்து, "மாவைப் பொங்க விடல, அவசரப்பட்டுட்டான்" என்றார். டாக்டர் சிரித்தார். சூப் வந்தது. பெரியப்பா பாதி சூப் குடித்தார். அப்படியே கன்னத்தில் கையை ஊன்றினார், வழக்கமான குறட்டையோடு தூங்கிப்போனார்.

சர்வர் அடுத்த தட்டுகளோடு வந்து நின்று, "சாரை எழுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறான்.

"எழுப்பாதீங்க" என்றாள் பெரியம்மா. அவர் முழங்கை இடிக்காமல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, தன் சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். "தூங்கினா என்னடி, எதிர்ல இருந்தாருல்ல? நான் மீனைத் தின்னேன், அவரைப் பாத்தேன், மறுபடி மீனைத் தின்னேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து இவ்ளோ நேரம் அவரு மூஞ்சியப் பாத்ததில்ல." அந்த ராத்திரி அவள் கேட்டதற்கு மேலேயே அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

பக்கத்து மேஜையில் யாருக்கோ பிறந்தநாள் என்று கை தட்டியதில் பெரியப்பா திடுக்கிட்டு விழித்தார். தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "குட் மார்னிங் சார்!" என்றார் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். அவள் சந்தோஷத்தில் சிரித்தாள். அவரோ, நாலு பேர் முன்னால் தன்னால் அவளுக்குத் தலைகுனிவு, அதை மறைக்கச் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அறைக்குப் போகும் வழியில், "ஏன் எழுப்பல?" என்று கேட்டாராம். "நம்ம வீட்ல என்னைக்கு எழுப்பியிருக்கோம்?" என்றாளாம் இவள். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை பெரியப்பா கப்பல் அலுவலகத்துக்குப் போய், தன்னை ஆறு மணிப் பந்திக்கு மாற்றச் சொன்னார். ரெண்டு பேருக்குமா என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். "எனக்கு மட்டும். அவங்க அவங்க நேரத்துக்கே சாப்பிடட்டும்" என்றார். ஆறு மணிப் பந்தியிலும் அதே ஜன்னலோர மேஜையில் ஒரு இடம் இருந்தது. சர்வரும் அவனேதான். மதியம், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூட்டத்தோடு நகரும் வரிசையில் நின்றபோது அவளிடம் சொன்னார்.

"நான் ஆறு மணிக்கே சாப்பிட்டுக்கறேன். நீ எட்டரைக்கு நிம்மதியா சாப்பிடு."

"சரி" என்றாள் பெரியம்மா.

இந்தச் 'சரி' இருக்கிறதே, அதைச் சொன்ன வாயை என்ன செய்யலாம்? ஏன் என்று கேட்டிருக்கலாம். நானும் ஆறு மணிக்கே வருகிறேன், பசிக்காவிட்டால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு ராத்திரி பார்த்துவிட்டு இந்த மனுஷன் கை கழுவிவிட்டாரே என்று அவளுக்குச் சுருக்கென்றிருக்கிறது. 'நிம்மதியா' என்ற வார்த்தை வேறு நெஞ்சில் தைத்துவிட்டது. என்னோடு உட்கார்ந்தால் அவருக்கு நிம்மதி இல்லையோ என்று நினைத்துக்கொண்டாள். அவர் சொன்னது அவளுடைய நிம்மதியை. அழுதால் துக்கம், சொன்னால் வெட்கம் என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மீதி நாட்களெல்லாம் அப்படியே போயின. ஆறு மணிக்கு அவர் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுப்பார். அவள் மேல்தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எட்டரைக்குப் போவாள். மகள் போனில் கேட்டால் இருவரும் ஒரே குரலில், "ரொம்ப நல்லாருக்கு" என்றார்கள்.

கடைசி நாள் ராத்திரி. பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சர்வர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. பயணிங்க விஷயத்துல நாங்க வாயத் திறக்கக் கூடாது. ஆனா நாளைக்கு இறங்கிடுவீங்க. மனசு கேக்கல. உங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்ன சண்டை?"

"சண்டையா? எங்களுக்கா?"

"பின்ன ஏம்மா? சார் தினமும் ஆறு மணிக்கு வந்து நீங்க உக்கார்ற இந்த நாற்காலியத்தான் கேட்டு வாங்கி உக்கார்றாரு. நேத்து அம்மா என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்கறாரு. சொன்னா, அதையே கொண்டு வான்றாரு. நீங்க வந்து, சார் ரொட்டி சாப்பிட்டாரான்னு கேக்கறீங்க. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வாரமா ஓடிட்டிருக்கேன்."

பெரியம்மா அதற்கு மேல் சாப்பிடவில்லை. எழுந்து நேராக அறைக்குப் போனாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டில் அருகே போய் நின்றாள்.

அவள் இதை என்னிடம் சொன்னது ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து, ஒரு மாலை நேரத்தில். "எழுப்பி, வாங்க, கீழ இன்னும் பந்தி முடியல, கொஞ்ச நேரம் எதிர்ல உக்காருங்கன்னு கூப்பிடணும்னுதான்டி போனேன். கைய நீட்டிட்டேன். தோள் கிட்ட வரைக்கும் போச்சு. அப்புறம் எடுத்துட்டேன்."

"ஏன் பெரியம்மா?"

"பாவம், அசந்து தூங்கிட்டிருந்தாரு. நாளைக்கு சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அந்த 'நாளைக்கு' வந்தது, பெட்டி கட்டுகிற அவசரத்தில் போனது. வீட்டுக்கு வந்தார்கள். அவர் ஆறு மணிக்கும் அவள் ஒன்பது மணிக்கும் சாப்பிட்டார்கள். நான் விடவில்லை. "இப்பவாவது போய் எதிர்ல உக்காரேன், இங்க எந்தக் கப்பல்காரன் தடுக்கறான்?" என்று சண்டை பிடித்தேன். "அவரு ஒரு தடவ, ஒரே தடவ, வான்னு கூப்பிடட்டும், ஓடிப் போயிடறேன்" என்றாள். கிழவிக்கு அந்த வயதில் அப்படி ஒரு வீம்பு. வீம்பு என்று கோபத்தில் சொல்கிறேன். ஆசைப்பட்டவளுக்கு அதைக்கூட எதிர்பார்க்க உரிமை இல்லையா?

அந்த வருஷம் முடிவதற்குள் பெரியம்மா போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் திரும்பி வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது என்பார்களே, என் பெரியம்மாவுக்கு அது நிஜமாகவே அப்படித்தான் ஆயிற்று. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

உறவுக்காரர்கள் எல்லாம் கலைந்து போன பிறகு ஒரு நாள் மாலை நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பரிமாறிவிட்டு எதிரே நானும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கையை வைக்கவே இல்லை. "வாயாடி, உன்கிட்ட எல்லாம் சொல்லுவாளே, கப்பல் கதையும் சொன்னாளா?" என்று கேட்டார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"சொன்னாங்க."

"கடைசி நாள் என் கிட்ட வந்து நின்னாளே, அதுவும் சொன்னாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எங்க தூங்கினேன்? முதல் நாளுக்கப்புறம் அந்தக் கப்பல்ல அவ வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரல. ஆறு மணிக்கு சாப்பிட்டுட்டு வந்து கண்ண மூடிட்டுக் கிடப்பேன். அவ வருவா, சத்தம் போடாம செருப்பக் கழட்டுவா, படுப்பா. அப்புறம்தான் நான் தூங்குவேன்."

"முழிச்சுட்டுத்தான் இருந்தீங்கன்னா அங்க போய் அவங்க கூட உக்காந்திருக்கலாமே பெரியப்பா!"

"வெக்கமா இருந்துச்சும்மா. நானே மாத்திக்கிட்டு, நானே எப்படிப் போய் நிக்கறது? அவ ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா போயிருப்பேன். கடைசி நாள் வந்து நின்னா. இப்பத் தொடுவா, இப்பத் தொடுவான்னு மூச்ச அடக்கிட்டுக் கிடந்தேன்."

"நீங்களே கண்ணத் திறந்திருக்கலாமே!"

"அவ எழுப்பி எழுந்திருக்கணும்னு இருந்துச்சு."

இவர்களை என்னதான் செய்வது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் எழுப்பலன்னு ஏதாவது சொன்னாளா?"

"நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்களாம். பாவமா இருந்துச்சாம்."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அது எப்படிம்மா?" என்றார். "அன்னைக்கு நான் குறட்டையே விடலயே. குறட்டை விடாம நான் என்னைக்குத் தூங்கியிருக்கேன்? அவளுக்குத் தெரியாதா?"

சாப்பிடுங்க பெரியப்பா, ஆறிப்போகுது என்று மட்டும் சொன்னேன்.